ஒரு சுரத்தை அழிக்கப் பட்ட பாடு

எங்கடை வேதக்கோயில் மணி இருபது வருசமாய்ப் பிழையாய்த்தான் பாடிச்சுது. மணி எண்டால் கயித்திலை இழுத்து அடிக்கிற வெங்கல மணி இல்லை. சண்டை ஓய்ஞ்சு, கண்டிப் பாதை திறந்திருந்த சமாதானக் காலத்திலை, கனடாவிலை இருக்கிற சபை ஆள் ஒருத்தர் ஊருக்கு வந்து, ஒரு மின்மணிக்கு வேண்டிய சாமான் எல்லாம் வாங்கித் தந்தவர். காலமை ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் கோபுரத்திலை இருக்கிற நாலு ஸ்பீக்கராலை ஒரு கீதத்தின்ரை மெட்டு, மணிச் சத்தத்திலை, மானிப்பாய் றோட்டு வரைக்கும் கேக்கும். அந்த மெட்டின்ரை மூண்டாம் வரியிலை ஒரு சுரம் பிழை. டோ, றே, மி எண்டு எண்ணுற மேல்நாட்டுச் சுரத்திலை, சோ வரவேண்டிய இடத்திலை லா. ஒரேயொரு படி மேலை. பாட்டுத் தெரியாத ஆளுக்கு அது ஒண்டுமில்லை. எனக்கு அது சோத்துக்குள்ளை கல்லுக் கடிபட்ட மாதிரி, ஒரு நாளைக்கு ரெண்டு தரம், இருபது வருசம்.

நான் அந்தச் சபையிலை ஓர்கன் வாசிக்கிறனான். பாடகர் குழுவைப் பழக்கிறதும் நான்தான். முப்பது வருசம் பள்ளிக்கூடத்திலை சங்கீதம் படிப்பிச்சு, ஊரிலை பாதிப் பேரின்ரை தொண்டையைத் திறந்துவிட்டனான். மற்றப் பாதியின்ரை தொண்டை திறக்கேல்லை. அது என்ரை குற்றம் இல்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதைச் சபையிலை ஆரும் மறுக்க மாட்டினம்.

அந்தப் பிழையைப் போட்டவர் வேறை ஆருமில்லை, என்ரை மனுசன். அவர் றேடியோ, ரீவி திருத்துறவர். கனடாக்காறர் தந்த சாமானைப் பூட்டி, பாட்டின்ரை சுரமெல்லாத்தையும் எண்ணாக்கி, கொம்பியூட்டராலை ஒரு சிப்புக்குள்ளை எழுதினவர் அவர்தான். பிரதிஷ்டை நாளண்டு பெரியவை எல்லாம் அங்கி போட்டுக்கொண்டு வந்து நிண்டு, ஜெபம் பண்ணி, சுவிச்சைப் போட்டவை. முதலாம் வரி வடிவாய் வந்துது. ரெண்டாம் வரியும் வந்துது. மூண்டாம் வரியிலை அந்த லா! எனக்குக் கோவம் உச்சியிலை ஏறிச்சுது. ஓர்கன் வாங்கிலை இருந்தபடியே திரும்பி, நிறைஞ்ச சனத்துக்கு முன்னாலை, "இவர் காதுக்குள்ளை பஞ்சை அடைஞ்சுகொண்டுதான் இதைப் போட்டிருக்கிறார்" எண்டு சொன்னன். எல்லாரும் சிரிச்சினம். அங்கி போட்டவையும் சிரிச்சினம். அவரும் சிரிச்சார்.

அடுத்த ஞாயிறு அவர் உள்ளுக்கு வரேல்லை. அதுக்கு முதல் அவர் குழுவிலை அடிக்குரல் பாடினவர். கிணத்துக்குள்ளை இருந்து வாற மாதிரி நல்ல ஆழமான குரல். அண்டையிலை இருந்து என்னை மோட்டச்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு வருவார், வாசல் வேம்புக்குக் கீழை நிப்பாட்டுவார், ஆராதனை முடியுமட்டும் சீற்றிலை இருந்து பேப்பர் வாசிப்பார், பேந்து ஏத்திக்கொண்டு வீட்டை போவார். எங்கடை சபைச் செயலாளர் ஓய்வு பெற்ற விஞ்ஞான வாத்தியார். அவர் ஒவ்வொரு கிழமையும் இவரைக் கடந்து போகேக்கை, "என்ன லா மாஸ்ரர், சுகமே?" எண்டு கேப்பார். இருபது வருசமாய் ஒரே பகிடி. அதுக்கு ஒவ்வொரு கிழமையும் புதுசாய்ச் சிரிக்கிறதுக்குச் சபையிலை ஆக்கள் இருந்தினம். சின்னப் பிள்ளையளும் அவரை லா மாஸ்ரர் எண்டுதான் கூப்பிடுங்கள். அதுகளுக்கு அது பட்டப்பேர் எண்டே தெரியாது.

வீட்டிலை நான் மட்டும் சும்மா விட்டனானோ? கறிக்கு உப்புக் கூட எண்டு அவர் சொன்னால், "நீங்கள் உங்கடை சுரத்தைப் பாருங்கோ, உப்பை நான் பாக்கிறன்" எண்டுவன். அவர் சாப்பிட்டுப்போட்டு எழும்பிப் போவார்.

போன மாரியிலை அவருக்கு நெஞ்சு நோ வந்து ஆசுப்பத்திரியிலை நாலு நாள் கிடந்தார். வீட்டை வந்த அண்டைக்குப் பக்கத்து வளவு அக்கா பாக்க வந்தா. அவ சைவம். சண்டிலிப்பாயிலை மிளகாயும் புகையிலையும் செய்யிற குடும்பத்திலை பிறந்தவ. மனசிலை பட்டதை அப்பிடியே வாயாலை விடுறவ. குசினிக்குள்ளை வந்து நிண்டு, "தங்கச்சி, உந்த மனுசனை இனி எப்பதான் உங்கடை கோயிலுக்குள்ளை கொண்டுபோகப் போறாய்? பெட்டியிலை வைச்சோ?" எண்டு கேட்டா. எனக்குக் கன்னத்திலை அறைஞ்ச மாதிரி இருந்துது. 

அண்டைக்கே முடிவெடுத்தன். இந்த வருசம் அறுவடைத் திருநாளுக்கு முன்னம் அந்தச் சுரத்தைத் திருத்திப்போட வேணும். பிழை போனால் பகிடி போகும். பகிடி போனால் மனுசன் தன்ரை காலாலை நடந்து உள்ளுக்கு வருவார். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

திருத்திறது லேசுப்பட்ட வேலை இல்லை எண்டு, கொம்பியூட்டர் கடைப் பொடியன் ஒருத்தனிட்டைக் கேட்ட பிறகுதான் தெரிஞ்சுது. அந்தச் சிப் இப்பத்தைச் சிப் மாதிரி இல்லை. நடுவிலை சட்டைத் தெறி அளவிலை ஒரு சின்ன ஜன்னல் வைச்சிருக்கு. எழுதினதுக்கு மேலை திருப்பி எழுதேலாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்காம், ஊதா நிறத்துக்கும் அங்காலை; அதை அந்த ஜன்னலுக்குள்ளாலை விட்டு, உள்ளுக்கு இருக்கிற எல்லாத்தையும் ஒட்ட அழிச்சால்தான் புதுசாய் எழுதலாம். ஒரு சுரத்தை மட்டும் அழிக்க வழியில்லை. புதுச் சிப் ஒண்டு வாங்கினால் என்ன எண்டு கொழும்புக் கடை ஒண்டுக்குப் போன் எடுத்தன். கடைக்காறன் சிரிச்சுப்போட்டு வைச்சிட்டான். வெளிநாட்டிலை இருந்து தபாலிலை எடுப்பிச்ச ரெண்டும், ஆரோ பாவிச்சு எறிஞ்சதைக் கழுவி, மேலை புதுப் பேர் அடிச்சு அனுப்பினது. அதுகளுக்குள்ளையும் ஏதோ எழுதிக் கிடந்துது. ஆகப் பழையதோ புதுசோ, அழிக்காமல் தப்பேலாது.

அப்பதான் நான் ஒரு மடத்தனமான வேலை பாத்தன். விசயத்தைக் கொண்டுபோய்ச் சபைக் கூட்டத்திலை வைச்சன். யாழ்ப்பாணத்தாரிட்டை எதைக் கேட்டாலும் "எனக்குத் தெரியாது" எண்ட மறுமொழி மட்டும் வராது. ஒருத்தர் காந்தத்தாலை தேய் எண்டார். ஒருத்தர் ஐஸ்பெட்டிக்குள்ளை மூண்டு நாள் வை எண்டார். பொருளாளர் பென்சில் அழிக்கிற றப்பராலை அந்த ஜன்னலை மெதுவாய் உரசிப் பாக்கச் சொன்னார். பகிடிக்கு இல்லை, உண்மையாய்ச் சொன்னார். இளம் போதகர், பாவம், போனிலை இருந்து பாட்டைப் போட்டுவிட்டால் என்ன எண்டு கேட்டார். உடனை எல்லாருமாய் அவர்மேலை பாய்ஞ்சு, கனடாக்காறர் நத்தாருக்கு நத்தார், கிறிஸ்மஸ் அண்டு, போன் எடுத்து அந்த மணியைக் கேக்கிறவர், அவற்றை பேர் பொறிச்ச கல்லு வாசலிலை கிடக்குது, நேற்று வந்த உமக்கு என்ன தெரியும் எண்டு வாயை அடைச்சுப்போட்டினம்.

அதைச் செய்த ஆளிட்டை மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை. அவர் வெளியிலை வேம்புக்குக் கீழை பேப்பரோடை இருந்தார். நானும் கேக்கேல்லை. பிழை விட்டவரிட்டைப் போய் ஆரும் யோசனை கேப்பினமோ?

கடைசியிலை செயலாளர் எழும்பித் தொண்டையைச் செருமினார். "சூரிய வெளிச்சத்துக்குள்ளை எல்லாக் கதிரும் இருக்கு. ரெண்டு மூண்டு கிழமை நல்ல வெயிலிலை காயவிட்டால் அழிஞ்சுபோம். ஆண்டவர் சும்மா தந்த சாமான்" எண்டார். எல்லாரும் தலையாட்டிச்சினம். பனங்கிழங்கைக் கீறி ஒடியல் காயவிடுற ஊரிலை சிப் காயவிடுறது ஒரு வேலையோ?

சிப்பைக் கழட்டி எடுத்து, பக்கத்து வளவு அக்கா மிளகாய் காயப்போட்ட பாயின்ரை மூலையிலை, ஜன்னல் மேலை பாக்க வைச்சன். வைச்சு அரை மணித்தியாலம் ஆகேல்லை, ஒரு காகம் வந்து மினுங்கிற சாமானைக் கொத்திப் பாத்துது.  ஓடிப்போய், எங்கடை வீட்டுச் சாமான் அறையிலை கிடந்த பழைய போதகர் ஒருத்தற்றை படத்தை எடுத்தன். கறையான் அரிச்சு அவற்றை முகம் முடிஞ்சுபோச்சு, கண்ணாடி மட்டும் நல்லாய் இருந்துது. அதைக் கழட்டி, நாலு பக்கமும் கல்லு வைச்சு, சிப்புக்கு மேலை கூரை மாதிரிப் போட்டுவிட்டன். எனக்கு என்ரை மூளையை நினைக்கப் பெரிய புழுகமும் பெருமையும்.

மூண்டாம் நாள் என்ரை மனுசன் வேலியடியிலை வந்து நிண்டு பாத்தார். "இஞ்சேரும், அந்தக் கண்ணாடி..." எண்டு தொடங்கினார்.

"கண்ணாடிக்கு என்ன இப்ப? காகம் தூக்கிக்கொண்டு போனால் இந்த நெஞ்சோடை நீங்களோ பனையிலை ஏறப்போறியள்?" எண்டன்.

அவர் திரும்பி உள்ளுக்குப் போயிட்டார்.

மூண்டு கிழமை காய்ஞ்சுது. மிளகாய் சுக்காய்ப் போச்சு, நான் கறுத்துப் போனன். அந்த மூண்டு கிழமையும் மணி இல்லாதபடியாலை, விளக்கு வைக்கிற நேரம் தவறிப்போகுதெண்டு அக்கா ஒவ்வொரு நாளும் வேலியாலை முறைப்பாடு. சிப்பைக் கொண்டுபோய்ப் பூட்டிச் சுவிச்சைப் போட்டால், மணி முந்தியை விட வடிவாய்ப் பாடிச்சுது. லா உட்பட. வெயில் காய்ஞ்சு நல்ல பெலத்தோடை வந்திருந்துது.

செயலாளர் வீட்டை போய் ஏதோ புத்தகம் பாத்துப்போட்டு அடுத்த நாள் வந்தார். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை விடாதாம். சிப்பின்ரை ஜன்னல் வேறை சாதிக் கண்ணாடியாம். "இதை முதலே சொல்லித் துலைச்சிருக்கலாமே?" எண்டு கேட்டன். "நீங்கள் போதகற்றை கண்ணாடியாலை சூரியனை மறைப்பியள் எண்டு நான் கனவோ கண்டனான்?" எண்டார். கொடுப்புக்குள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார். அண்டைக்கே அந்த ஆளுக்கு ஒரு பாடம் படிப்பிக்க வேணும் எண்டு எனக்குள்ளை நினைச்சன். ஆனால் அந்தப் பாடத்தை அவரே தேடிப்போய்ப் படிச்சார்.

அதுக்கு முதல் சலூன் கதையைச் சொல்ல வேணும். தலைமயிர் வெட்டுற இடத்திலை சீப்பையும் கத்திரிக்கோலையும் ஒரு பெட்டிக்குள்ளை வைச்சு நீல வெளிச்சம் போடுவினம், கிருமி சாகிறதுக்கு. அது இதே வெளிச்சந்தானாம். ஒரு சலூன்காறர் பெரிய மனசு பண்ணி, சிப்பை ரெண்டு நாள் தன்ரை சீப்புகளுக்கு நடுவிலை படுக்க வைச்சார். ரெண்டு நாளாலை எடுத்தால் சிப்பிலை நாலு மயிர் ஒட்டிக் கிடந்துது. சுரம் ஒண்டும் அழியேல்லை. பெட்டியை வடிவாய்த் திறந்து பாத்தால், உள்ளுக்கு எரிஞ்சது ஒரு சாதாரண லைற், அதுக்கு மேலை சுத்தினது நீலக் கடதாசி. இத்தனை காலமும் அந்தக் கிருமியளும் பயந்தபடி இருந்திருக்குங்கள். கலியாணப் பொம்பிளையளுக்கு நகப்பூச்சுக் காயவைக்கிற இடத்திலை ஒரு ஊதா லைற் இருந்துது. அதுக்குள்ளையும் ஒரு நாள் வைச்சுப் பாத்தன். நான் வெளிக்கிடேக்கை அங்கை வேலை செய்யிற பிள்ளை எனக்கும் ஒரு விரலுக்குப் பூசிவிட்டுது, அவ்வளவுதான் மிச்சம்.

இனிச் செயலாளற்றை பாடம். வெல்டிங் பொறியிலை அந்தக் கதிர் நிறைய வருமாம். அவற்றை மச்சான் ஒருத்தர் இரும்புக் கேற் ஒட்டுற பட்டறை வைச்சிருக்கிறார். சிப்பை ஒரு செங்கட்டியிலை வைச்சு, பக்கத்திலை மச்சான் கேற் ஒட்ட, செயலாளர் பொறுப்பாய்ச் சிப்பைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறார். ஒட்டுறவர் முகமூடி போட்டிருந்தார். மேற்பார்வை பாத்தவர் போடேல்லை. முப்பத்தைஞ்சு வருசம் விஞ்ஞானம் படிப்பிச்ச மனுசன்! அடுத்த நாள் ஞாயிறு. கண் ரெண்டும் வீங்கி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தாரை தாரையாய்க் கண்ணீர் வடிய முன் வாங்கிலை இருந்தார். போதகர் அண்டைக்கு மனந்திரும்புதலைப் பற்றிப் பிரசங்கம். இவரைப் பாத்துப் பாத்து அவருக்கு உற்சாகம் கூடி, பிரசங்கம் இருபது நிமிசம் நீண்டு போச்சு. பின் வாங்கிலை ரெண்டு மூண்டு பேர் சேந்து அழுதினம். நான் ஓர்கனுக்குப் பின்னாலை குனிஞ்சு இருந்து சிரிச்சதிலை விலா நொந்து போச்சு.

ஆனால் வெல்டிங் பொறி வேலை செய்திருந்துது, அரைவாசி. அது முழுக்க அழிச்சிருந்தாலும் பறவாயில்லை, அழிக்காமல் விட்டிருந்தாலும் பறவாயில்லை. அரைகுறையாய் அழிச்சதை, எப்பிடி இருக்கெண்டு பாப்பம் எண்டு நான் பின்னேரம் ஆறு மணிக்குப் பூட்டிவிட்டன். ஆண்டவரே! முதலாம் வரி ஒழுங்காய்த் தொடங்கி, நடுவிலை இடறி விழுந்து, எங்கையோ மேலை ஏறிக் கீச்சிட்டு, பேந்து ஒரே சுரத்தை நாப்பது தரம் அடிச்சுது. ஊரிலை உள்ள நாயெல்லாம் சேந்து ஊளையிட்டுதுகள். நான் சுவிச்சை நிப்பாட்ட ஓடின ஓட்டத்திலை செருப்பு அறுந்து போச்சு. வீட்டு வேலியடிக்கு வந்தால் அக்கா நிக்கிறா. "தங்கச்சி, முந்தி ஒரு இடத்திலைதானே பிழை எண்டு சொன்னனி?" எண்டு கேட்டா.

அண்டைக்கு வீட்டை வந்து கதிரையிலை இருந்து அழுதன். ஓம், அழுதன், சொல்லுறதுக்கு என்ன. திருநாளுக்கு ஒன்பது நாள்தான் கிடந்துது. இருந்த பிழை மணியும் போச்சு. சபை முழுக்க இனி லா மாஸ்ரர் பெண்சாதியோடை சேந்து மணியையே சாகடிச்சுப்போட்டார் எண்டு சொல்லும். மனுசனை உள்ளுக்குக் கொண்டுவாறன் எண்டு வெளிக்கிட்டு, வேம்படியிலை இருந்தும் துரத்தப் போறன் எண்டு நினைக்க நினைக்க எனக்கு ஏலாமல் வந்துது.

அவர் ஒரு கோப்பை தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து பக்கத்திலை வைச்சார். "நாளைக்குக் காலமை கொடிகாமத்துக்குப் பஸ்ஸிலை போய்வருவம்" எண்டார். என்னத்துக்கு எண்டு கேக்கிற தெம்பு எனக்கு இல்லை.

கொடிகாமத்திலை அவற்றை கூட்டாளி ஒருத்தர் குடிதண்ணி சுத்திகரிச்சு விக்கிற கடை வைச்சிருக்கிறார். சந்தைக்கு வந்த சனம் கானோடை வரிசையிலை நிண்டுது. இவர் போய்ச் சொன்ன உடனை, கூட்டாளி ஒரு மணித்தியாலத்துக்குத் தண்ணியை நிப்பாட்டிப்போட்டு, வெள்ளி நிறக் குழாய் ஒண்டைக் கழட்டி, உள்ளுக்கு இருந்த மெல்லிசான லைற்றை உருவி எடுத்தார். தண்ணியிலை கிருமி கொல்லுற உண்மையான லைற். என்ரை மனுசன் பையிலை இருந்து ஒரு பிஸ்கற் ரின் எடுத்தார். ரின்னுக்குள்ளை சிப்பை வைக்கிறதுக்கு அளவாய்த் தகரம் வளைச்சிருந்தார். லைற் நுழையிறதுக்குப் பக்கத்திலை ஓட்டையும் போட்டிருந்தார். மூடியை இறுக்கி மூடி, "இதைத் திறந்து பாக்காதையும், கண் போயிடும்" எண்டு சொல்லிப்போட்டுச் சுவிச்சைப் போட்டார். நாங்கள் வெளியிலை வாங்கிலை இருந்து வெறுந்தேத்தண்ணி குடிச்சம்.

அந்த ரின் ஒரு நாளிலை செய்த ரின் இல்லை. வெட்டின விளிம்பிலை துருப் பிடிச்சிருந்துது.

"உங்களுக்கு உது முதலே தெரியுமோ?" எண்டு கேட்டன்.

"தெரியும்."

"பேந்து ஏன் வாய் திறக்கேல்லை?"

"நீர் கேக்கேல்லையே."

அரை மணித்தியாலத்திலை வேலை முடிஞ்சுது. வீட்டை வந்து, அவற்றை பழைய கொம்பியூட்டரிலை செருகிப் பாத்தார். வெறுமை. ஒரு சுரம் இல்லை, ஒரு எண் இல்லை. எனக்கு வந்த சந்தோசத்திலை அவற்றை தோளிலை ஒரு அடி போட்டன். "இனிச் சுரத்தைச் சரியாய்ப் போடுங்கோ, நான் பக்கத்திலை இருந்து பாக்கிறன்" எண்டு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தன். அவர் மேசை லாச்சியைத் திறந்து, ஒரு பழைய கோவையை எடுத்து, பிளாஸ்ரிக் உறைக்குள்ளை இருந்த ஒரு தாளை என்ரை பக்கமாய்ப் பாராமல் விரிச்சு வைச்சார். அதைப் பாத்துத்தான் முதல்தரம் எண்ணாக்கினவராம்.

அது என்ரை எழுத்து. பிரதிஷ்டைக்கு முதல் கிழமை, கேக்குக்கு முட்டை அடிச்சுக்கொண்டு ஒரு கையாலை எழுதிக் குடுத்தது அந்த நிமிசந்தான் ஞாபகம் வந்துது. முதலாம் வரி, ரெண்டாம் வரி. மூண்டாம் வரியிலை, சோ வரவேண்டிய இடத்திலை, வடிவான உருண்டை எழுத்திலை லா. அடியிலை நான் எழுதி ரெண்டு கோடும் போட்டிருக்கிறன்: "எழுதினபடி அப்பிடியே போடவும். உங்கடை கைவரிசை ஒண்டும் வேண்டாம்."

 அந்த லாவிலை விரலை வைச்சன்.

"இது பிழை எண்டு உங்களுக்கு அப்பவே தெரியுமோ?"

"அடிக்குரல் பாடினவனுக்குத் தெரியாதோ? கேக்கத்தான் வந்தனான். குசினி வாசலிலை நிண்டு வாய் திறக்க முதல், எழுதினபடி போடுங்கோ, முட்டை பொங்குது, போங்கோ எண்டீர்."

"சுவிச்சுப் போட்ட அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே? நான் அவ்வளவு சனத்துக்கு முன்னாலை..."

"தாள் அப்ப சேட்டுப் பொக்கற்றுக்குள்ளைதான் கிடந்துது." அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "சபை முழுக்க உம்மை நம்பித்தான் வாய் திறக்குது. பாட்டு ரீச்சருக்கே சுரம் பிழைச்சுப் போச்செண்டால் பேந்து உம்மை ஆர் மதிப்பினம்? நான் கம்பி சூடாக்கிறவன். எனக்கு லா மாஸ்ரர் எண்டால் என்ன, டோ மாஸ்ரர் எண்டால் என்ன."

"அதுக்கு ஏன் கோயிலுக்கு வாறதை விட்டனீங்கள்?"

அவர் கண்ணாடியைத் திருப்பிப் போட்டார். "முதல் ரெண்டு மூண்டு வருசம் கோவம். பொய் சொல்லக் கூடாது, நல்ல கோவம். பேந்து அது போயிட்டுது. ஆனால் உள்ளுக்கு வந்து உம்மடை வாயையும் அந்த ஆளின்ரை பகிடியையும் கேட்டுக்கொண்டு இருந்தால், என்னையறியாமல் ஒரு நாளைக்குச் சொல்லிப்போடுவன் எண்டு பயம். வெளியிலை இருந்தால் பேப்பர்தானே."

இருபது வருசம் நான் கதைச்ச கதை முழுக்க எனக்கு அப்ப திருப்பிக் கேட்டுது. உப்பு, பஞ்சு, எல்லாம். வெக்கம் எண்டால் அப்பிடி ஒரு வெக்கம். என்ரை பிழைக்கு அந்த மனுசன் வேம்படியிலை காவல் இருந்திருக்கிறார். நான் அதுக்குள்ளை அவருக்குக் காதில்லை எண்டு ஊருக்கு மணி அடிச்சிருக்கிறன்.

அவர் விரலை விசையிலை வைச்சுக்கொண்டு, "எதைப் போட? சனத்துக்கு லா பழகிப்போச்சு. சோ போட்டால் பிழை எண்டுதான் சொல்லுவினம்" எண்டார்.

"சோவைப் போடுங்கோ" எண்டன்.

அறுவடைத் திருநாளண்டு பூசணியும் வாழைக்குலையும் கரும்புமாய்க் கோயில் நிறைஞ்சிருந்துது. மணி சரியாய்ப் பாடிச்சுது. அவர் சொன்ன மாதிரியே சனம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துது. பேந்து அதே கீதத்தைப் பாடினம். மூண்டாம் வரியிலை என்ரை ஓர்கன் சோவிலை நிக்க, முழுச் சபையும், நான் பழக்கின குழுவும் சேந்து, கொழுத்த லா ஒண்டைப் போட்டுது. இருபது வருசம் நாளுக்கு ரெண்டு தரம் கேட்டால் வேறை என்ன வரும்? அறிவித்தல் நேரம் செயலாளர் எழும்பினார். கண் சுகமாகிவிட்டுது, வாயும்தான். "எங்கடை லா மாஸ்ரர் பெரும்பாடு பட்டு ஒரு சுரத்தைத் திருத்தினார். இப்ப முந்தியையும் விடப் பிழை" எண்டார். கோயில் குலுங்கச் சிரிச்சுது.

நான் எழும்பினன்.  அந்தத் தாளைக் கொண்டுபோய், ஒலிவாங்கியைச் செயலாளற்றை கையிலை இருந்து வாங்கி, "இது இருபது வருசத்துக்கு முந்தி நான் எழுதிக் குடுத்த சுரம். பிழை என்ரை. இவர் எழுதினபடி போட்டவர். உங்களுக்கு முன்னாலை அவரைச் செவிடன் எண்டு சொன்னதும் நான்தான். இனி லா மாஸ்ரர் எண்டு ஆரையாவது கூப்பிட வேணுமெண்டால் என்னைக் கூப்பிடுங்கோ" எண்டு சொன்னன். ஒருத்தரும் சிரிக்கேல்லை. சிரிச்சிருந்தால் எனக்கு லேசாய் இருந்திருக்கும். செயலாளர் அறிவித்தல் தாளை மடிச்சுக்கொண்டு தன்ரை வாங்கிலை போய் இருந்தார். திருநாளெண்டு வெளியிலை கட்டின ஸ்பீக்கராலை எல்லாம் வேம்படிக்குக் கேட்டிருக்கும். நான் வாசலைப் பாத்தன். ஒருத்தரும் உள்ளுக்கு வரேல்லை.

ஆராதனை முடிஞ்சு வெளியிலை வந்தன். அவர் மோட்டச்சைக்கிளை ஸ்ராட் பண்ணிக்கொண்டு நிண்டார். முகம் இறுகியிருந்துது. "ஏறும்" எண்டார். ஏறினன்.  சந்தியிலை வேகத்தைக் குறைச்சு, தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"உதை ஏன் சொன்னனீர்? இருபது வருசம் நான் காப்பாத்தி வைச்சதை ஒரு நிமிசத்திலை துலைச்சுப் போட்டீரே."

 அவற்றை முதுகுச் சேட்டைப் பிடிச்சுக்கொண்டு, "வாற ஞாயிறு உள்ளுக்கு வருவியளோ?" எண்டு மட்டும் கேட்டன்.

"வராமல்?" எண்டார், கோவமாய்த்தான். "இனி வெளியிலை இருந்து நான் என்னத்தைக் காக்கிறது?"